'டேக்': கூனினா, டல்ஹினா?

ஆங்கில 'டேக்' (take) பிலிப்பைன்ஸின் தகலாக் மொழிக்குப் போனதும் பல வினைகளாகச் சிதறும். அடிக்கடி குழப்புபவை இரண்டு. குடையைக் கையில் எடுக்கச் சொன்னால் 'கூனின் மோ அங் பாயோங்'. அதையே கூடக் கொண்டுபோகச் சொன்னால் 'டல்ஹின் மோ அங் பாயோங்'. எடு, கொண்டுபோ என்று பிரித்தே பழகிய நமக்கு இது எளிது.

ஆனால் டல்ஹினில் ஒரு சிக்கல்: கொண்டுவருவதற்கும் அதே சொல்தான். 'டீட்டோ' சேர்த்தால் இங்கே, 'டோஒன்' சேர்த்தால் அங்கே. கூனினுக்குத் திசைத் தொல்லை இல்லை, உருவம்தான் படுத்தும். நடந்து முடிந்ததென்றால் 'கினூஹா' ஆகிவிடும்.

சரி, ஆங்கிலத்தில் இதே 'டேக்' வரும் மாத்திரைக்கும் ஜீப்னிக்கும் (பிலிப்பைன்ஸின் ஷேர் வண்டி)? இரண்டுமே உதவாது. மாத்திரைக்கு 'உமினோம்', அதாவது குடி. ஜீப்னிக்கு 'சுமக்காய்', ஏறு.