பாந்த்ராவா, மும்பை சென்ட்ரலா? பிஏஎஸ்எல்பி சேருமுன் பார்க்க வேண்டியவை

தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பேச்சு, செவித்திறன் பட்டப்படிப்பான பிஏஎஸ்எல்பி படிக்க நினைத்தால், மும்பையில் முதலில் இரண்டு பெயர்கள் காதில் விழும்: பாந்த்ரா ரெக்லமேஷனில் உள்ள அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம், மும்பை சென்ட்ரலில் நாயர் மருத்துவமனையோடு சேர்ந்த கல்லூரி. பட்டம் ஒன்றுதான். மூன்று வருடப் படிப்பு, ஒரு வருட இன்டர்ன்ஷிப், பிறகு ஆர்சிஐ எனும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு. பாடத்திட்டத்தை வைத்து ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் தெரியாது. உங்கள் எதிரே வந்து உட்காரப்போகும் நோயாளி யார் என்று பாருங்கள்.

பாந்த்ரா நிறுவனம் மத்திய அரசு 1983-ல் தொடங்கியது. காது கேளாமைதான் அதன் மையம். சின்னக் குழந்தைகளுக்கான ஆரம்பப் பயிற்சி, ஹியரிங் எய்டு பொருத்துவது, காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் ஆடியோமெட்ரி எல்லாம் கை பழகும். ஹியரிங் எய்டைக் காதில் பொருத்தும் இயர் மோல்டுக்கு அச்சு எடுப்பதையே பாருங்கள். நூல் கட்டிய பஞ்சைக் காதுக்குழாயின் இரண்டாவது வளைவைத் தாண்டி வைக்க வேண்டும். சிரிஞ்சின் நுனி அச்சுப் பசைக்குள் புதைந்தபடியே நிரப்ப வேண்டும். நுனி வெளியே வந்தால் காற்றுக்குமிழி விழும். அந்த இடைவெளி வழியே சத்தம் கசிந்து மைக்குக்குத் திரும்பும், மெஷின் விசிலடிக்கும், குழந்தை கழற்றி எறிந்துவிடும். நூறு காதில் செய்தால்தான் இது படியும்.

நாயர் மாநகராட்சியின் பெரிய மருத்துவமனை. பக்கவாதத்தில் பேச்சு போனவர், தொண்டை அறுவை சிகிச்சை ஆனவர், விழுங்க முடியாமல் மூக்கில் குழாயோடு படுத்திருப்பவர் என எல்லோரும் வார்டிலேயே இருப்பார்கள். விழுங்கும் சோதனையில் நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, டீஸ்பூனில் தண்ணீர் கொடுத்து, குரல்வளை மேலேறுகிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். பிறகு 'ஆ' சொல்லச் சொல்வார்கள். குரல் கொழகொழவென்று வந்தால், தண்ணீர் குரல்நாண் மேலேயே நிற்கக்கூடும். இருமல் வரவில்லை என்பதாலேயே பயமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. இருமலே இல்லாமல் நுரையீரலுக்குள் இறங்குவதும் உண்டு. இதைப் புத்தகத்தில் படித்துப் பழக முடியாது.

எது பிடிக்கும் என்று இன்னும் முடிவாகாதவர்களுக்கு, இரண்டிலும் இடம் கிடைத்தால், நாயரைத்தான் சொல்வோம். ஹியரிங் எய்டு வேலையைப் பிறகு கிளினிக்கில் பிடித்துக்கொள்ளலாம். வார்டு நோயாளியைப் படிக்கும்போது விட்டால் பிறகு கிடைப்பது கஷ்டம். குழந்தைகளோடும் செவித்திறனோடும்தான் வேலை என்று தெளிவாக இருப்பவர்கள் யோசிக்காமல் பாந்த்ராவுக்குப் போகலாம்.

சேர்க்கையில் பலர் சறுக்குகிறார்கள். நாயர் இடங்கள் மாநில நுழைவுத்தேர்வு, சேர்க்கை அலுவலகமான சிஇடி செல் வழியாக, நீட் மதிப்பெண்ணில் போகும். மாநில ஒதுக்கீட்டுக்குப் பொதுவாகப் பத்தாவது, பன்னிரண்டாவது இரண்டுமே மகாராஷ்டிரத்தில் படித்திருக்க வேண்டும், டொமிசைல் (வசிப்பிட) சான்றும் வேண்டும். பாட்டி வீட்டில் தங்கித் திருநெல்வேலியில் பத்தாவது எழுதிய பிள்ளைக்கு இங்கேதான் சிக்கல் வரும். பாந்த்ராவின் சேர்க்கை அறிவிப்பு தனி. நாயருக்கு விண்ணப்பித்தாயிற்று என்று அதை விட்டுவிடாதீர்கள்.

மொழியில் நம் பிள்ளைகளுக்கு ஒரு பலம் உண்டு. தமிழ் வீட்டுக் குழந்தை மராத்தியில் 'க'வின் நான்கு ஒலிகளையும் கலந்து பேசினால், அது கோளாறா, வீட்டு மொழியின் சாயலா என்று அவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். ஆனால் மராத்தி ஓரளவு சரளமாக இல்லாமல் எந்த இடத்திலும் நோயாளியின் விவரம் கேட்டு எழுதுவது சிரமம்.

செவித்திறன், மொழி, பேச்சுக்கான ஒரு வருட டிப்ளமோவான டிஹெச்எல்எஸ், உடனே வேலைக்குப் போயாக வேண்டியவர்களுக்கு உதவும். ஆனால் அது உதவியாளர் தகுதிதான். தனியாகக் கிளினிக் வைக்க பிஏஎஸ்எல்பி பட்டம் வேண்டும்.