திருப்பாவைப் பாடத்துக்குப் பதிப்புரிமைப் புகார்: பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

"உங்கள் காணொளி மீது பதிப்புரிமைப் புகார் கொடுத்திருக்கிறோம். பணம் அனுப்பினால் திரும்பப் பெறுகிறோம்" என்று யாராவது எழுதினால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அந்த மின்னஞ்சலை அழிக்கவும் செய்யாதீர்கள். சென்ற மார்கழியில் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

அம்மா திருவல்லிக்கேணியில் பிள்ளைகளுக்குத் திருப்பாவை சந்தை சொல்லிவைப்பவர். சந்தை என்பது மனப்பாடம் செய்விக்கும் முறை: அவர் ஓரடி சொல்ல, பிள்ளைகள் இருமுறை திருப்பிச் சொல்வார்கள். வெளியூர்ப் பிள்ளைகளுக்காக அதைக் கூடத்திலேயே கைப்பேசியில் பதிவுசெய்து, நாளுக்கொரு பாசுரமாக யூடியூபில் ஏற்றிக்கொண்டிருந்தோம். பக்கவாத்தியம் இல்லை, சுருதிப்பெட்டிகூட இல்லை. நடுவே காய்கறி வண்டிக்காரர் குரல் கேட்கும்.

மாதம் பிறந்த சில நாட்களில் இரண்டு காணொளிகள் நீக்கப்பட்டன. பெயரே கேள்விப்படாத ஓர் ஆடியோ நிறுவனம், அவை தன் ஒலிப்பதிவுகள் என்று புகார் செய்திருந்தது. ஆண்டாள் பாசுரத்துக்கு இன்று யாரும் பதிப்புரிமை கொண்டாட முடியாது. ஒருவர் பாடி வெளியிட்ட ஒலிப்பதிவுக்கு நம் நாட்டில் 60 ஆண்டு உரிமை உண்டு. அதுவும் அந்தக் குறிப்பிட்ட பதிவுக்கு மட்டும்தான். அரை நிமிடம் கேட்டிருந்தால் இது வீட்டில் எடுத்தது என்று எவருக்கும் தெரிந்திருக்கும். கேட்க அங்கே ஆள் இல்லை.

அடுத்து மின்னஞ்சல் வந்தது. 20,000 ரூபாய் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் மூன்றாவது புகார். மூன்று சேர்ந்தால் சேனலையே மூடிவிடுவது அந்தத் தளத்தின் விதி. அம்மாவின் பல ஆண்டு உழைப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது என்பது தெரிந்தே கேட்டார்கள்.

பணம் தர மறுத்து, தளத்திலேயே எதிர்மனு கொடுத்தோம். இதற்குக் கட்டணம் கிடையாது. அந்தப் படிவம் 1998-இல் வந்த டிஎம்சிஏ என்ற அமெரிக்க இணையப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி அமைந்தது. தவறாக நீக்கிவிட்டார்கள் என்று நாம் சத்தியம் செய்து கையொப்பமிட வேண்டும். அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகார வரம்புக்கும் சம்மதிக்க வேண்டும். திருவல்லிக்கேணியில் பாசுரம் சொல்லும் அறுபத்தெட்டு வயதுப் பெண்மணியிடம் இதைக் கேட்கிறார்கள்! புகார் கொடுத்தவர் பொய் சொல்லியிருந்தால் வழக்குப் போட அந்தச் சட்டத்தில் 512(எஃப்) என்ற பிரிவு இருக்கிறது. அதற்கும் அமெரிக்க நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. எதிர்மனுவில் எழுதும் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் அப்படியே புகார்தாரருக்குப் போய்விடும். எங்களுக்கும் போனது. அம்மா தனியாக இருந்த ஒரு மாலையில் ஒருவன் அழைத்து, வீட்டுக் கதவு எண்ணைச் சொல்லி, "நேரில் வந்து பேசட்டுமா, மேடம்?" என்று கேட்டிருக்கிறான். நான் வேலை முடிந்து வந்தபோது அம்மா கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இது புதிய தந்திரம் அல்ல. பொய்ப் புகார் கொடுத்துப் பணம் பறிக்கப் பார்த்ததாக 2019-இல் யூடியூப் நிறுவனமே அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஒருவர் மீது வழக்குத் தொடர்ந்தது. எதிர்மனுவில் கிடைத்த முகவரியை அவர் தவறாகப் பயன்படுத்தினார் என்பதும் அதில் ஒரு குற்றச்சாட்டு. இவ்வளவு நடந்த பிறகும் எங்கள் படிவத்தில் அதே ஏற்பாடு அப்படியே இருந்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை. எதிர்மனுவை வழக்கறிஞர் மூலமாகவும் அனுப்பலாம். அப்படிச் செய்யுங்கள், முகவரி அவருடையதாக இருக்கட்டும்.

எதிர்மனு கிடைத்த பிறகு புகார்தாரர் வழக்குப் போடாவிட்டால், 10 முதல் 14 வேலைநாட்களுக்குள் காணொளியை மீட்டுத்தர வேண்டும் என்கிறது அந்த அமெரிக்கச் சட்டம். யாரும் வழக்குப் போடவில்லை. இடையில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறைகள். நான் எழுதிய மடல்களுக்கெல்லாம் "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே அச்சடித்த பதில். காணொளிகள் திரும்பி வந்தபோது கூடாரவல்லி போய்ப் பொங்கலும் முடிந்திருந்தது. மார்கழிக்கென்று செய்த பாடம் அது.

நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலும் வழி இருக்கிறது. 52(1)(சி) பிரிவின்படி, புகார்தாரர் 21 நாட்களுக்குள் நீதிமன்ற ஆணை கொண்டுவராவிட்டால் தளம் நீக்கிய காணொளியை மீண்டும் திறந்துவிடலாம். ஆதாரமில்லாமல் மிரட்டுபவர் மீது 60ஆம் பிரிவில் தடையும் இழப்பீடும் கேட்டு வழக்குத் தொடரலாம். பணம் கேட்டு மிரட்டியது தனிக் குற்றம். அதற்குத் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிந்திருக்கிறோம்.

கைப்பேசியில் எடுத்த மூலப் பதிவை, தேதியோடு, வேறோர் இடத்திலும் சேமித்துவையுங்கள். எங்களுக்குக் கைகொடுத்தது அதுதான். பாசுரமோ கீர்த்தனையோ ஏற்றும் வேறு யாருக்காவது இதே மாதிரி மிரட்டல் வந்திருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். எங்கள் புகாரோடு சேர்த்துக் கொடுக்க வழக்கறிஞர் தயாராக இருக்கிறார்.