மூன்று வருட ஃபேஷன் டிசைன் படிப்பு: கட்டும் பணத்துக்கு என்ன கிடைக்கிறது?

கோவை, திருப்பூர் வட்டாரக் கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் இருக்கிறது. பேச்சுவழக்கில் சி.டி.எஃப். அழகாகப் படம் வரைந்தால் போதும், கடைசி வருடம் ரேம்ப் ஷோ என்ற எண்ணத்தில்தான் பலரும் சேருகிறார்கள். ஆனால் இந்தப் படிப்பில் வாழ்நாள் முழுக்கக் கைகொடுப்பது பேட்டர்ன் (துணியை வெட்ட வழிகாட்டும் அளவுத் தாள்) போடுவதும் தைப்பதும்தான். கல்லூரியை எடைபோட வேண்டியதும் அந்த லேபை வைத்துத்தான்.

முதலில் வருவது மேலுடம்புக்கான அடிப்படை பேட்டர்ன். மார்புச் சுற்றளவு 34 அங்குலம் என்றால் கால் பங்கு 8½. அதோடு தளர்வுக்கு அரை முதல் ஒரு அங்குலம். இடுப்பில் மிஞ்சும் துணியை டார்ட்டாக, அதாவது கூர்முனையில் முடியும் மடிப்பாகப் பிடிக்க வேண்டும். டார்ட்டின் முனை மார்பின் உச்சிப் புள்ளி வரை போய்விட்டால் அங்கே துணி கூம்பாகத் துருத்தும். அதனால் அரை முதல் ஒரு அங்குலம் முன்னதாகவே நிறுத்த வேண்டும். அடுத்து, இடுப்பு டார்ட்டை மூடி, அதே அளவைத் தோளிலோ ஆம்ஹோலிலோ (கை பொருத்தும் திறப்பு) திறக்கப் பழக வேண்டும். இது பிடிபட்ட மாணவி எந்த ரவிக்கையைப் பார்த்தாலும் அதன் பேட்டர்னை மனதிலேயே பிரித்துவிடுவாள். இந்தப் பாடத்துக்கு மட்டும் ஒரு செமஸ்டர் முழுக்க ஒதுக்கினாலும் தகும்.

அதிகம் பேர் தடுமாறும் இடம் உடையில் கை (ஸ்லீவ்) வைப்பது. நெசவுத் துணியில் தைக்கும் சாதாரணக் கைக்கு, அதன் மேல் வளைவு ஆம்ஹோலைவிட ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதலை இரண்டு வரிசை லூஸ் தையல் போட்டு, லேசாக இழுத்து, தோள் பக்கம் பரப்பி வைக்க வேண்டும். ஒரே இடத்தில் குவிந்தால் சுருக்கம் விழும்; போதாமல் போனால் கையின் மேல்பகுதி இறுக்கிப் பிடிக்கும். முன்பக்கம் ஒரு நாட்ச் (பொருத்துவதற்கு அடையாளமாக விளிம்பில் போடும் சிறு வெட்டு), பின்பக்கம் இரண்டு நாட்ச் வெட்ட மறந்தவர்கள் இடது கையையும் வலது கையையும் மாற்றித் தைப்பது வருடாவருடம் நடக்கிறது.

டிரேப்பிங் பாடத்தில் காடா துணியை டம்மி (உடம்பு வடிவப் பொம்மை) மேல் குத்தி உருவம் எடுக்கிறார்கள். துணியை நனைத்து உலர்த்தி, இஸ்திரி போட்டு, பாவும் ஊடையும் (நெடுக்கு நூலும் குறுக்கு நூலும்) செங்கோணத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே தொட வேண்டும். இதைத் தவிர்த்தால் தைத்த உடை ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும்.

துணியியல் பாடம் எதிர்பார்ப்பதைவிட நன்றாகவே இருக்கிறது. நூலை எரித்துப் பார்க்கும் சோதனையில் பருத்தி காகித வாசனையோடு மெல்லிய சாம்பலாகும், பட்டு முடி கருகிய வாடை தரும், பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) கட்டரில் 100 சதுர செ.மீ. வட்டம் வெட்டி, கிராமில் வரும் எடையை 100-ஆல் பெருக்கினால் துணியின் ஜி.எஸ்.எம். கிடைத்துவிடும். இந்த இரண்டும் வேலையில் சேர்ந்த முதல் நாளே பயன்படும்.

வரைதலுக்கு மதிப்பெண் உண்டு. நிஜ உடம்பு ஏழரைத் தலை உயரம் என்றால் ஃபேஷன் உருவத்தைப் பத்துத் தலை வரை நீட்டி வரைவார்கள். பார்க்க அழகு. ஆனால் கம்பெனி கேட்பது தையல் கோடு, பட்டன் இடைவெளி, அளவு எல்லாம் குறித்த தட்டையான டெக்னிக்கல் டிராயிங். இந்த டிராயிங்கும் அளவும் தையல் விவரமும் அடங்கிய டெக் பேக் தயாரிக்கும் பயிற்சியைக் கடைசி செமஸ்டருக்குத் தள்ளுவது தவறு.

பெரிய குறை பின்னலாடை. திருப்பூருக்குப் பக்கத்திலேயே இருந்தும் பல இடங்களில் பயிற்சி முழுவதும் நெசவுத் துணியில்தான். பனியன் துணிக்குக் கணக்கே வேறு. டார்ட் பெரும்பாலும் கிடையாது. லைக்ரா கலந்த இறுக்கமான உடைக்கு பேட்டர்ன் உடம்பைவிடச் சின்னதாகவே இருக்கும். கழுத்து ரிப்பை (கழுத்தைச் சுற்றி வைக்கும் பின்னல் பட்டி) கழுத்தளவைவிட 15 முதல் 20 சதவீதம் குறைத்து வெட்டி, இழுத்துத் தைக்க வேண்டும். சம அளவில் வெட்டினால் கழுத்து அலை அலையாக விரியும். முனை உருண்ட பால் பாயின்ட் ஊசி போடாமல் தைத்தால் கண்ணி அறுந்து, துவைத்த பிறகு ஓட்டை தெரியும். விளிம்பு பிரியாமல் தைக்கும் ஓவர்லாக், பனியன் துணியைத் தட்டையாகத் தைக்கும் பிளாட்லாக் மெஷின்களில் கை பழகாமல் வெளியே வருபவர்களுக்கு முதல் ஆறு மாதம் திண்டாட்டம்தான்.

சென்னை தரமணியில் உள்ள நிஃப்டின் (தேசிய ஃபேஷன் டெக்னாலஜி நிறுவனம்) நான்கு வருட டிசைன் பட்டமான பி.டெஸ். வேறு வகை. நுழைவுத் தேர்வு உண்டு. கைவினைஞர்களிடம் நேரில் போய்க் கற்பதும் இறுதி வருடப் புராஜெக்டும் அங்கே கனமானவை. செலவும் பல மடங்கு. பேட்டர்ன், புரொடக்‌ஷன் பக்கம் வேலைக்குப் போக நினைப்பவருக்கு நல்ல லேப் உள்ள சி.டி.எஃப். போதும் என்பதே எங்கள் மதிப்பீடு.

சேருமுன் லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு வகுப்புக்கு மோட்டாரில் ஓடும் பவர் மெஷின் எத்தனை, அதில் எத்தனை ஓடுகிறது, பிளாட்லாக் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். இறுதி வருட மாணவர் ஒருவரின் ரெக்கார்டு நோட்டை வாங்கி, ஒட்டியிருக்கும் தையல் மாதிரிகளைப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். நூல் தொங்கல், கோணல் தையல், அடிநூல் முடிச்சு எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் தெரியும்.