யூகாஸ் பாடநெறித் தேடல்: பீடெக் (BTEC) தகைமையுடன் பொறியியல் படிக்க விரும்புவோருக்கு எவ்வளவு உதவுகிறது?

பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸ், தனது இணையத்தளத்தில் பாடநெறித் தேடல் சேவை ஒன்றை வழங்குகிறது. உயர்தரப் பரீட்சை எழுதாமல், பீடெக் எனப்படும் பிரித்தானியத் தொழிற்கல்வித் தகைமையின் மூன்றாம் மட்டத்தைப் பொறியியலில் முடித்த ஒரு மாணவரின் தேவையை முன்வைத்து மட்டுமே அதை இங்கு மதிப்பிடுகிறேன். சாதாரண தரத்துக்குப் பின் இந்தத் தொழிற்கல்வி வழியில் செல்லும் தமிழ்ப் பிள்ளைகள் கொழும்பில் இருக்கிறார்கள். என் தம்பியும் அவர்களுள் ஒருவன். அவனுக்காகத் தேடியபோதுதான் இச்சேவையின் பலமும் குறையும் எனக்குத் தெளிவாயின. பட்டியலைத் திரட்டுவதற்கு இது மிகச் சிறந்த இடம். அப்பட்டியலிலிருந்து தெரிவு செய்வதற்கோ இது மட்டும் போதாது.

முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும். இச்சேவை இலவசமானது. பாடம், நகரம், தொடங்கும் ஆண்டு, முழுநேரமா பகுதிநேரமா என்று வடிகட்டிப் பார்க்கலாம். தொழிற்பயிற்சிக்கென ஓராண்டு ஒதுக்கும் பாடநெறிகளும் முதலாம் ஆண்டுக்கு முன் ஆயத்தமாக ஓர் அடிப்படை ஆண்டுடன் தொடங்கும் பாடநெறிகளும் தனித்தனியே தெரிகின்றன. காலி வீதியில் நாங்கள் அணுகிய ஒரு முகவர் நிலையம், தன்னுடன் ஒப்பந்தம் உள்ள சில பல்கலைக்கழகங்களின் கையேடுகளை மட்டுமே மேசையில் பரப்பி, பீடெக் மாணவருக்கு அவற்றைத் தவிர வேறு வழியில்லை என்று உறுதியாகச் சொன்னது. வீட்டுக்கு வந்து யூகாஸில் இயந்திரப் பொறியியல் என்று தேடிய உடனேயே அக்கூற்று தவறென்பது தெரிந்துவிட்டது. பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் ஒரு விடயத்தில், இடைத்தரகர் இல்லாமல் முழுப் பட்டியலையும் பார்க்கக் கிடைப்பது பெரும் உதவி என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் இச்சேவையில் எல்லோர் கண்ணிலும் முதலில் படுவது புள்ளிக் கணக்கு, அதுவே பலரைத் திசைதிருப்பிவிடுகிறது. பீடெக் விரிவாக்க டிப்ளோமா என்பது பிரித்தானிய உயர்தரத்தின் மூன்று பாடங்களுக்குச் சமமான அளவுடையது. பாஸ், மெரிட், டிஸ்டிங்ஷன் என்று ஏறுவரிசையில் அமையும் பீடெக் தரங்களில் மூன்று டிஸ்டிங்ஷன் பெற்றவருக்கு யூகாஸ் அட்டவணையில் 144 புள்ளிகள். உயர்தரத்தில் மூன்று ஏ பெற்றவருக்கும் அதே 144. இரண்டு டிஸ்டிங்ஷனும் ஒரு மெரிட்டும் என்றால் 128. "அக்கா, புள்ளி சரியாத்தானே இருக்கு, பிறகென்ன?" என்று தம்பி கேட்டதில் நியாயம் இருந்தது. எனினும் பல பொறியியல் துறைகள் புள்ளியை வைத்து இடம் வழங்குவதில்லை. தரத்தை வைத்தும், அத்தரம் எந்தப் பாடத்தில் பெறப்பட்டது என்பதை வைத்துமே வழங்குகின்றன. புள்ளி போதுமாக இருந்தும் கணிதத்தின் பேரில் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்.

இந்தக் கணித நிபந்தனைதான் பீடெக் மாணவருக்கு எல்லாவற்றையும் விட முக்கியமானது. ஒரு பாடநெறியின் பக்கத்தில் அனுமதித் தகைமைகள் என்ற பகுதியைத் திறந்தால், உயர்தரத்துக்கு ஒரு வரியும் பீடெக்குக்கு இன்னொரு வரியும் இருக்கும். பீடெக் வரியில் தடித்த எழுத்தில் தரம் மட்டும் தெரியும். அதன் கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கலாம், சில வேளைகளில் எதுவுமே இருக்காது. அக்குறிப்பில்தான் பீடெக் படிப்பின் பகுதிகளான அலகுகளுள் கணித அலகில் டிஸ்டிங்ஷன் வேண்டுமென்றோ, பீடெக்குடன் உயர்தரக் கணிதமும் தனியாக வேண்டுமென்றோ எழுதியிருக்கும். பிரித்தானியாவின் பீடெக் மூன்றாம் மட்டப் பொறியியலில் 7ஆம் அலகு நுண்கணிதத்தைக் கொண்டு பொறியியல் சிக்கல்களைத் தீர்ப்பது பற்றியது. 8ஆம் அலகு மேலதிகப் பொறியியல் கணிதம். வகையீடும் தொகையீடும் 7ஆம் அலகில் கற்பிக்கப்படுகின்றன, பல்கலைக்கழகங்கள் பெயர் சொல்லிக் கேட்பதும் பெரும்பாலும் இத்தகைய அலகுகளையே. தெரிவு அலகுகளுள் எவற்றை நடத்துவது என்பது கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். ஆகவே பெறுபேற்றுத் தாளில் உள்ள மொத்தத் தரத்தோடு நின்றுவிடாமல், அதற்குக் கீழே வரிசையாக உள்ள அலகுகளின் பெயரையும் ஒவ்வொன்றின் தரத்தையும் கையில் வைத்துக்கொண்டே தேட வேண்டும். யூகாஸ் பக்கத்தில் குறிப்பு இல்லாத இடத்தில் நிபந்தனையும் இல்லை என்று கொள்வது ஆபத்தானது. நாங்கள் பார்த்த ஒரு பாடநெறிக்கு யூகாஸில் தரம் மட்டுமே இருந்தது. அதே பாடநெறிக்குப் பல்கலைக்கழகத்தின் சொந்தப் பக்கத்தில் கணித அலகு நிபந்தனை விரிவாக எழுதப்பட்டிருந்தது.

அடிப்படை ஆண்டு என்ற சொல்லைக் கேட்டவுடன் எங்கள் பெற்றோர் பலர் முகம் சுளிக்கிறார்கள். ஓராண்டுக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் கூடுதலாகும் என்ற கவலை நியாயமானதே. ஆனால் கணித அலகில் வெறும் பாஸ் மட்டும் பெற்ற பிள்ளையை நேரடியாக முதலாம் ஆண்டில் சேர்ப்பதை விட அது நல்லது என்பது என் கருத்து. பட்டறையில் கைதேர்ந்த பிள்ளைகள் முதலாம் ஆண்டில் திணறுவது பெரும்பாலும் கணிதத்தாலேயே. டிஸ்கவர் யூனி என்ற இணையத்தளத்தில், ஒரு பாடநெறியில் சேர்ந்தவர்களுள் எத்தனை வீதத்தினர் ஓராண்டுக்குப் பின்னும் தொடர்கிறார்கள் என்ற விவரம் உண்டு. யூகாஸுடன் அதையும் திறந்து வைத்துப் பார்ப்பது பயனுள்ளது.

ஒரு பட்டத்தைப் பொறியியல் தொழில்சார் அமைப்புகள் ஏற்கும் அங்கீகாரத்தைப் பொறுத்தவரை யூகாஸ் தேடல் தருவது மிகக் குறைவு. பொறியியல் இளமானிப் பட்டமான பி.எங். ஆனர்ஸ் ஒன்று, பட்டயப் பொறியியலாளர் என்ற தொழில்சார் நிலையை அடைவதற்கான கல்வித் தகைமையைப் பகுதியளவில் நிறைவு செய்வதாக அங்கீகரிக்கப்பட்டிருக்கலாம், முதுமானி மட்டம் வரை செல்லும் எம்.எங். பட்டம் முழுமையாக நிறைவு செய்வதாக இருக்கலாம். வேறு சில பட்டங்களுக்கு அதற்குக் கீழான படிநிலைக்கான அங்கீகாரமே இருக்கும், அல்லது எதுவும் இராது. பெயரில் பொறியியல் என்று இருப்பது இதற்கு உத்தரவாதம் அன்று. பிரித்தானியப் பொறியியல் பேரவையின் தரவுத்தளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரை இட்டால், எந்தப் பட்டம், எந்த ஆண்டு சேர்ந்தவர்களுக்கு, எந்தப் படிநிலைக்கு அங்கீகரிக்கப்பட்டுள்ளது என்பது வரி வரியாகக் கிடைக்கும். படிப்பை முடித்து இலங்கைக்குத் திரும்ப நினைப்பவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். பொறியியல் பட்டங்களின் அங்கீகாரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்பதற்காக 1989இல் உருவான வாஷிங்டன் உடன்படிக்கையில் பிரித்தானியா தொடக்கத்திலேயே இணைந்தது. கொழும்பு 7, விஜேராம மாவத்தையில் அமைந்துள்ள இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014இல் முழு உறுப்புரிமை பெற்றது. அந்த உடன்படிக்கைக்குள் வரும் பட்டமா என்பதைச் சேரும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

எச்.என்.டி. என்ற உயர் தேசிய டிப்ளோமாவை முடித்தவர்கள் இதில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். 240 திறமைப்புள்ளிகள் (கிரெடிட்; யூகாஸ் புள்ளி அன்று) கொண்ட அத்தகைமையுடன் 360 திறமைப்புள்ளிப் பட்டத்தின் இறுதி ஆண்டில் சேரலாம் என்ற விளம்பரங்கள் கொழும்பில் நிறைய உண்டு. பணமும் காலமும் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் அப்படிச் சேரும் இறுதி ஆண்டுப் பட்டத்துக்கும், அதே பல்கலைக்கழகத்தின் மூன்றாண்டுப் பட்டத்துக்கும் ஒரே அங்கீகாரம் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டாம் ஆண்டில் சேரும் வாய்ப்பையும் கேட்டுப் பார்ப்பது நல்லது.

எங்கள் நாட்டின் தேசிய தொழிற்றகைமையுடன் விண்ணப்பிப்போருக்கு யூகாஸின் புள்ளி அட்டவணை உதவாது, ஏனெனில் அத்தகைமை அவ்வட்டவணையில் இடம்பெறவில்லை. அவர்கள் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியே எழுதிக் கேட்க வேண்டும். இரத்மலானையில் உள்ள தொழில்நுட்பத் தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் அத்தகைமையின் ஏழாம் மட்டமான பட்டப்படிப்புக்கென்றே அமைந்தது. அதை முதலில் விசாரிப்பது அறிவுடைமை.

யூகாஸ் விண்ணப்பத்தில் பெரும்பாலான துறைகளுக்கு ஐந்து தெரிவுகள் தரப்படுகின்றன, அவை அனைத்துக்கும் மாணவர் தன் ஆர்வத்தையும் தகுதியையும் விளக்கி எழுதும் ஒரே தன்விவரக் கூற்றுத்தான் போகும். ஐந்தில் நான்கை இயந்திரப் பொறியியலுக்கும் ஒன்றை வேறு துறைக்கும் வைத்தால் அக்கூற்று இரண்டுக்கும் பொருந்தாமல் போய்விடும். நாங்கள் இறுதிப் பட்டியலில் இருந்த ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் அனுமதிப் பிரிவுக்கும், அலகுகளின் பெயர்களையும் தரங்களையும் ஒரு பக்கத்தில் தட்டெழுதி மின்னஞ்சலில் அனுப்பி, இவை போதுமா என்று நேரடியாகக் கேட்டோம். எழுத்தில் வந்த பதில்களைக் கொண்டே ஐந்தையும் தீர்மானித்தோம்.