ஹில்ஸ் ஏ/டி ரின்: கருத்தடைக்குப் பிறகு சாப்பிடாத நாய்க்கு

ஹில்ஸ் ஏ/டி, நோயிலிருந்தோ ஒப்பரேசனிலிருந்தோ தேறும் நாய்களுக்கான ரின் உணவு. 156 கிராம் ரின். திறந்ததும் ஈரல் வாசம் மூக்கில் அடிக்கும். உள்ளே கட்டியில்லாத மெத்தென்ற விழுது; விரல் நுனியில் எடுத்து உதட்டோரம் தடவினால், தட்டைத் திரும்பியும் பார்க்காத நாய் நக்கத் தொடங்கும். அந்த முதல் நக்கலுக்குத்தான் இதற்குக் காசு கொடுக்கிறோம். விலை கூடதான்.

மயக்க மருந்தின் குமட்டலால் ஒப்பரேசன் நாளிலும் மறுநாளும் பசி குறைவது வழமை. முதல் இரவு, தலை தள்ளாடாமல் எழுந்து நின்ற பிறகு, வழக்கமான உணவில் கால்வாசி போதும். கூடக் கொடுத்தால் சத்தி எடுக்கும். 12 கிலோ ஊர் நாய்க்கு ஓய்வில் ஒரு நாளைக்குச் சுமார் 450 கிலோகலோரி வேண்டும். ஒரு ரின் அதில் பாதிக்கும் குறைவு. ஆகவே குழைந்த சோற்றில் பிசைந்து கொடுப்பதே கட்டுப்படியாகும். கொழுப்பு கூடியது என்பதால் ஒரேயடியாக ரின் முழுவதையும் வைத்தால் வயிற்றாலே போகலாம். கணைய அழற்சி வந்த நாய்க்கு வைத்தியரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது.

பிரிட்ஜில் இருந்து எடுத்ததைக் குளிரோடு வைத்தால் வாசம் எழும்பாது. கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் இருத்தி, கை பொறுக்கும் சூட்டில் கொடுங்கள். மட்டக்களப்பு வெயிலுக்கு அரை மணித்தியாலத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். சிரிஞ்சில் கொடுப்பதென்றால் கன்னத்தின் பக்கவாட்டால், நாய் விழுங்க விழுங்கக் கொஞ்சம் கொஞ்சமாக. தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றினால் சுவாசப்பைக்குள் போய்விடும்.

பல வீடுகளில் குறை உணவிலேயே இல்லை. காயத்தை நக்காதபடி போடும் கழுத்துக் கூம்பின் விளிம்பு தரையில் முட்டுவதால் வாய் தட்டுக்கு எட்டாது. சின்னக் கிண்ணத்தை ஒரு கவிழ்த்த சட்டிமேல் வைத்துப் பாருங்கள், அல்லது பக்கத்தில் இருந்துகொண்டு சாப்பிடும்வரை கூம்பைக் கழற்றுங்கள். வலியாலும் சாப்பிடாது. அதற்காகப் பனடோல் கொடுப்பது ஆபத்து. வைத்தியர் தந்த மெலொக்சிகாம் என்ற வலி மருந்து வெறும் வயிற்றுக்கு ஆகாது. நாய் சாப்பிடவில்லை என்றால் அடுத்த வேளை மருந்துக்கு முன் அவரிடம் கேளுங்கள்.

ரின் கிடைக்காவிட்டால் உப்பில்லாமல் அவித்த சூரை மீனை முள் நீக்கி உதிர்த்து, அவித்த தண்ணீரோடு சோற்றில் பிசையலாம். வாசத்தில் ஈரலுக்குக் குறைந்ததல்ல. வீட்டு ஆணம் வேண்டாம்: வெங்காயமும் உள்ளியும் நாய்க்கு நஞ்சு. பன்றியிறைச்சி வீட்டுக்குள் எடுக்காதவர்கள் ரின்னின் லேபலை வாசித்தபின் வாங்குங்கள்.

முழுதாக ஒரு நாள் எதையும் தொடாவிட்டால் வைத்தியருக்குச் சொல்லுங்கள். குட்டியென்றால் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது. முரசு வெளிறினால், வயிறு வீங்கினால், சத்தி நிற்காவிட்டால் ரின்னை மூடி வைத்துவிட்டு உடனே கொண்டு போங்கள், உள்ளே இரத்தம் கசியலாம்.

பசி திரும்பியதும் இதை நிறுத்திவிடுங்கள். கருத்தடைக்குப் பிறகு உடலுக்குத் தேவையான சக்தி குறையும், பசியோ கூடும். அப்போது அளந்து போட வேண்டியது பழைய சாப்பாட்டைத்தான்.