ஆடியில் உட்கார்ந்து போட்ட கணக்கு: கல்யாண போட்டோகிராபருக்கு எந்த வெப்சைட் பிளான்?

எங்கள் பக்கம் ஆடி பிறந்தால் கேமரா பைக்குள் தூங்கப் போய்விடும். வைகாசியில் காலையில் ஒரு மண்டபம், சாயங்காலம் இன்னொரு மண்டபம் என்று ஓடியவன், ஆடியில் லென்ஸைத் துடைத்துக்கொண்டு ஸ்டுடியோவில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன். கோபிச்செட்டிபாளையத்தில் பதினோரு வருடமாக இதுதான் நடப்பு. இந்த ஆடியில் வெப்சைட் பிளான்களைப் பிரித்து வைத்துக் கணக்குப் போட்டேன்.

ஆரம்பித்து வைத்தவர் கரூர்க்காரர் ஒருவர். பெட்ஷீட், டேபிள் விரிப்பு ஏற்றுமதி செய்பவர். அவருடைய சரக்குக்கு நான்தான் படம் எடுக்கிறேன். "ஏனுங்க தம்பி, உங்க வேலையெல்லாம் ஒரே எடத்துல இருக்கற மாதிரி ஒரு லிங்க் குடுங்க, பையருக்கு அனுப்போணும்" என்றார். இன்ஸ்டாகிராம் லிங்கைக் கொடுத்தேன். ஜெர்மனியில் இருக்கும் பையர் இரண்டு முறை தள்ளியதும் லாகின் கேட்டிருக்கிறது. கேட்காமல் விட்டிருந்தாலும் பெரிய பெருமை இல்லை. பெட்ஷீட் படத்துக்கும் தலையணை உறைக்கும் நடுவில், காதுகுத்தில் அழும் குழந்தையின் ரீல்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்.

எனக்கு வெப்சைட்டே இல்லாமல் இல்லை. முன்பு ஒருவரிடம் செய்து வாங்கியது. ஹோஸ்டிங், அதாவது வெப்சைட்டை இணையத்தில் வைத்திருக்க வாடகை, மாதம் 149 ரூபாய் என்றார்கள். நாற்பத்தெட்டு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால்தான் அந்த விலை என்பது கார்டை நீட்டும்போதுதான் தெரிந்தது. 7,152 ரூபாய், ஜிஎஸ்டி தனி. நான்கு வருடம் கழித்து ரின்யூவலுக்கு மாதம் 449 என்று வந்தது. சரி, கட்டித் தொலைக்கலாம் என்று பார்த்தால், வெப்சைட்டின் முகவரியான டொமைன் என் பெயரிலேயே இல்லை. செய்து கொடுத்தவர் தன் கணக்கில் பதிந்து வைத்திருக்கிறார். அவருடைய நம்பருக்குப் போட்டால் உபயோகத்தில் இல்லை என்று சொல்கிறது.

அதனால் இந்த முறை ஒரு முடிவோடு உட்கார்ந்தேன். விலைப் பலகையில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணைப் பார்ப்பதில்லை, இரண்டாம் வருடம் என் கார்டில் இருந்து மொத்தமாக எவ்வளவு போகும் என்பதைத்தான் பார்ப்பது.

நாமே வெப்சைட் கட்டிக்கொள்ள உதவும் பில்டர்களில் முதலில் ஸ்குவேர்ஸ்பேஸை எடுத்துக்கொள்வோம். டெம்ப்ளேட் அழகில் அதை அடிக்க ஆளில்லை என்பது என் அபிப்பிராயம். படத்தைச் சுற்றி எவ்வளவு வெற்றிடம் விட வேண்டும் என்று தெரிந்தவர்கள் செய்தது. இலவச பிளான் கிடையாது, பதினான்கு நாள் பழகிப் பார்க்கலாம். ஆரம்ப பிளான் மாதம் 16 டாலர். இது வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால்தான், மாதாமாதம் என்றால் 25. வருடத்துக்கு 192 டாலர். கணக்கு எளிதாக இருக்க டாலரை 85 ரூபாய் என்று வைத்தால் 16,320. இதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. என் வருமானம் 20 லட்சத்தைத் தொடுவதில்லை, ஜிஎஸ்டி நம்பரும் இல்லை, ஆகவே வரி முழுக்க என் தலையில்தான். 19,258 ஆகிவிட்டது. அப்புறம் வெளிநாட்டு நாணயத்துக்கு கார்டு வங்கி போடும் கட்டணம். என் கார்டில் மூன்றரை சதவீதம், அந்தக் கட்டணத்துக்கும் ஒரு ஜிஎஸ்டி. எல்லாம் சேர்த்து இருபதாயிரத்துக்குச் சில்லறை மேலே. ஒரு காதுகுத்து எடுத்த காசு அப்படியே போகும்.

இன்னொன்றும் உண்டு. தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாட்டில் 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வருட பிளான் அந்த வரம்பைத் தாண்டுகிறது. ரின்யூவல் தேதி முகூர்த்த நாளில் விழுந்து, கல்யாணத்தை நடத்தி வைக்கும் அருமைக்காரர் தாலி எடுத்துக் கொடுக்கும் நேரத்தில் நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், வெப்சைட் பிழைக்கும், அடுத்த ஆர்டர் பிழைக்காது.

அடுத்த பில்டரான விக்ஸில் இலவசமாகவே தொடங்கலாம். ஆனால் அவர்கள் விளம்பரம் மேலே நிற்கும், முகவரியிலும் அவர்கள் பெயர் இருக்கும். கரூர்க்காரர் அதை ஜெர்மனிக்கு அனுப்ப மாட்டார். காசு கொடுக்கும் பிளான்களில் லைட் 17 டாலர், கோர் 29 டாலர், இதுவும் வருடமாகக் கட்டும் கணக்கில்தான். லைட்டில் 2 ஜிபி இடம், கோரில் 50 ஜிபி. இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள். ஒரு கல்யாணத்துக்கு எண்பது ஜிபி எடுக்கிறவனுக்கு இரண்டு ஜிபி எந்த மூலைக்கு என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

படங்களைத் திருத்தும் லைட்ரூம் மென்பொருளைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். வெப்சைட்டுக்கு நீளவாக்கில் 2,048 பிக்சல் வைத்துச் சேமித்தால் ஒரு படம் சராசரியாக 400 கேபி. உட்கார்ந்து கழித்துக் கழித்து நான் தேர்ந்தெடுத்தது 64 படம். மொத்தம் 25 எம்பி அளவுதான். இரண்டு ஜிபியில் இதுபோல ஐயாயிரம் படம் வைக்கலாம், ஐயாயிரம் படத்தை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். டீசர் வீடியோவை யூடியூபில் ஏற்றி ஒட்டினால் அதற்கும் இடம் வேண்டாம். எந்த பில்டராக இருந்தாலும், நம் வேலையைக் காட்டும் போர்ட்ஃபோலியோவுக்காக ஜிபிக்குக் காசு கொடுக்காதீர்கள்.

அடுத்தது ஆன்லைனில் பணம் வாங்கும் வசதி. மேல் பிளானுக்கு ஏற்றிவிட எல்லோரும் காட்டும் மிட்டாய் இதுதான். எனக்கு அட்வான்ஸ் தருகிறவர் மணப்பெண்ணின் அப்பாவோ தாய்மாமனோ. வெற்றிலை பாக்கோடு கையில் கொடுப்பார், இல்லாவிட்டால் ஜிபே. ஸ்குவேர்ஸ்பேஸ் முக்கியமாக நம்பும் பணம் வாங்கும் சேவையான ஸ்ட்ரைப் இந்தியாவில் அழைப்பு வந்தவர்களை மட்டுமே சேர்க்கிறது. பேபால் 2021 ஏப்ரலோடு உள்நாட்டுப் பணப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. விக்ஸில் ரேஸர்பே இணைக்கலாம், அதற்கு கோர் பிளானாவது வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், ஜிபே கியூஆர் கோடை ஒரு படமாகத் தொடர்புப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். லைட்டுக்கும் கோருக்கும் உள்ள வித்தியாசம், வருடம் 144 டாலர், மிச்சம்.

தமிழ் எழுத்து விஷயத்தை எந்த ஒப்பீட்டுப் பட்டியலிலும் பார்க்க முடியவில்லை. நான் பழகிப் பார்த்த ஒரு பில்டரில், எங்கள் பக்கத்துக் கல்யாணச் சடங்கான 'இணைச்சீர்' பெயரைத் தலைப்பாக வைத்தேன். டெம்ப்ளேட்டின் நளினமான எழுத்துருவில் தமிழ் எழுத்துகளே கிடையாது. அதனால் என் கணினியில் ஒரு முகத்தோடும் போனில் வேறு முகத்தோடும் வந்தது. வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு அளவெடுத்து வைத்திருந்ததால் 'சீ'யின் சுழி மேல் வரியில் இடித்துக்கொண்டு நின்றது. கேடமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை மாதிரி கூகுள் எழுத்துருக்கள் பட்டியலில் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். பதினான்கு நாள் சோதனைக் காலத்தில் நான் செய்த உருப்படியான சோதனை இதுதான்.

பெருந்துறையில் மணப்பெண் அலங்காரம் செய்யும் என் சித்தப்பா மகளுக்கு இவ்வளவு யோசனை தேவைப்படவில்லை. கார்டு (Carrd) என்று ஒரு பில்டர், ஒரே பக்கத்துக்கானது. சொந்த டொமைன் இணைக்கும் பிளான் வருடத்துக்கு 19 டாலர். மாதத்துக்கு அல்ல, வருடத்துக்கு. பன்னிரண்டு படம், கீழே வாட்ஸ்அப் பட்டன், முடிந்தது. "அண்ணா, நீ ஒரு மாசமா என்னத்தப் பாத்துட்டு இருக்கற?" என்று கேட்டாள்.

நான் காசு கொடுக்கலாம் என்று நினைத்த வசதி ஒன்றே ஒன்று, ஆல்பத்துக்குப் படம் தேர்வு செய்வது. கல்யாணம் முடிந்தால் மூவாயிரம் படத்தில் இருந்து நூற்றைம்பதை அவர்கள் பொறுக்கித் தர வேண்டும். பங்காளி வீடு, மாமன் வீடு எல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்து, யாராவது ஒரு பையன் பள்ளிக்கூட நோட்டில் நம்பர் எழுதுவான். 4312, 4318, 4331. போன தையில் வந்த நோட்டில் ஒன்றும் ஏழும் ஒரே மாதிரி இருந்தன. பெரியம்மா கண் மூடியிருந்த படம் ஆல்பத்தில் முழுப் பக்கத்துக்கு வந்துவிட்டது. மறு அச்சு என் செலவு.

இதற்குத்தான் கிளையன்ட் கேலரி. லிங்கை அனுப்பினால் பிடித்த படத்தில் இதயத்தைத் தொடுவார்கள், பட்டியல் நமக்கு வந்துவிடும். இந்திய நிறுவனமான பிக்ஸ்பா இதை வெப்சைட்டோடு சேர்த்தே தருகிறது. கனடாவின் பிக்ஸிசெட்டில் இலவசக் கணக்குக்கே 3 ஜிபி உண்டு. மூவாயிரம் படத்தைச் சிறிதாக்கி ஏற்றினால் ஒன்றரை ஜிபிக்குள் அடங்குகிறது. தேர்வு முடிந்ததும் அழித்துவிட்டு அடுத்த கல்யாணம். வைகாசியில் மூன்று நான்கு கல்யாணம் சேர்ந்து வந்தால் இடிக்கும், அந்த மாதத்துக்கு மட்டும் காசு கட்டலாம் என்றிருக்கிறேன்.

போர்ட்ஃபோலியோவுக்குக் கடைசியில் பிடித்தது புதிதாக எதுவும் இல்லை. லைட்ரூமுக்காக அடோபிக்கு நான் ஏற்கெனவே மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதே சந்தாவில் அடோபி போர்ட்ஃபோலியோ சும்மா வருகிறது, ஐந்து வெப்சைட் வரை. இத்தனை வருடம் கண்ணில் படவே இல்லை. லைட்ரூம் ஆல்பத்தை நேராக இழுத்துக்கொள்கிறது, பக்கத்துக்குப் பாஸ்வேர்ட் போடலாம், சொந்த டொமைனை இணைக்கலாம். கடை வைக்க முடியாது, டெம்ப்ளேட்டும் கொஞ்சம்தான். சந்தாவை நிறுத்தினால் வெப்சைட்டும் போய்விடும். என்னுடையது பழைய 20 ஜிபி போட்டோகிராபி பிளான். 2025 ஜனவரிக்குப் பிறகு அதில் புதிதாகச் சேர முடியாது, 1 டிபி பிளானுக்குத்தான் போக வேண்டும். அதனால் லைட்ரூம் இல்லாதவர்கள் இதற்காக மட்டும் அடோபியில் சேருவது வீண். ஓவியர்களுக்கும் கைவேலை செய்து விற்பவர்களுக்கும் கடை வேண்டியிருந்தால் என் கணக்கு பொருந்தாது, அவர்கள் விக்ஸ் கோரையோ பிக்ஸ்பாவையோதான் பார்க்க வேண்டும்.

டொமைனைத் தனியாக, என் பெயரில், என் மின்னஞ்சலில் வாங்கினேன். டாட் இன், வருடத்துக்கு ஆயிரத்துக்குள். முதல் வருடம் இலவசம் என்று பில்டர்கள் தரும் டொமைனை எடுக்கவில்லை. சூடு கண்ட பூனை.

64 படத்தையும் இரண்டு வெப்சைட்டாகப் பிரித்தேன், ஒன்று துணிமணிக்கு, ஒன்று கல்யாணத்துக்கு. துணிமணி லிங்க் கரூருக்குப் போனது. கல்யாண லிங்கைப் பழைய கிளையன்ட்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் கவுந்தப்பாடியில் இருந்து ஒரு அம்மா கூப்பிட்டார்.

"எல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. எங்க இணைச்சீர் போட்டோவை ஏனுங்க வெக்கலை?"

இப்போது 65.