சோத்கங்கா: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

தமிழில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கும் தோழி கேட்டாள்: "சோத்கங்காவை நம்பலாமா, இல்லை ஒவ்வொரு பல்கலைக்கழக நூலகமாக ஏறி இறங்கணுமா?"

சோத்கங்கா, இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை இணையத்தில் திறந்து வைத்திருக்கும் தளம். அது வருவதற்கு முன் அடுத்த பல்கலைக்கழகத்து ஆய்வேட்டைப் பார்ப்பதே பெரும்பாடு. அனுமதிக் கடிதம் வேண்டும், உள்ளேயே உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும். 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி), ஆய்வேட்டின் மின்படியையும் ஒப்படைக்கச் சொல்லி விதி கொண்டுவந்தது. காந்திநகரில் இருக்கும் இன்ஃபிளிப்நெட் மையம் தளத்தை நடத்துகிறது. ஏற்றும் பொறுப்பு அந்தந்தப் பல்கலைக்கழகத்துடையது. 2025-இல் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா', ஆய்விதழ்களுக்கு ஒன்றிய அரசே சந்தா கட்டும் 6,000 கோடி ரூபாய்த் திட்டம். ஆனால் அது அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குள் இருப்பவர்களுக்கு. சோத்கங்காவில் எந்த நிறுவனத்திலும் இல்லாத ஒருவர்கூட காசில்லாமல் படிக்கலாம். இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஒவ்வோர் இயலும் தனிக் கோப்பாக இருப்பது பலருக்குப் பிடிக்காது. எனக்கு அதுதான் பெரிய வசதி. துணைநூற்பட்டியலை மட்டும் முதலில் இறக்குவேன். ஆய்வாளர் மூலநூல்களைப் பார்த்தாரா, முந்தைய ஆய்வேடுகளிலிருந்தே எடுத்துக்கொண்டாரா என்பது அதிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

என் எரிச்சல் தமிழ் ஆய்வேடுகள் பற்றியது. தலைப்பை ஆங்கில எழுத்தில் பதிகிறார்கள். சிலப்பதிகாரத்துக்கு ஒருவர் 'எஸ்' போடுகிறார், இன்னொருவர் 'சி' போடுகிறார். இரண்டையும் தேடினால்தான் கிடைக்கும். அப்புறம் எழுத்துரு. போன வாரம் நாட்டுப்புறப் பாடல் பற்றிய ஓர் ஆய்வேட்டை இறக்கினேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். திரையில் அழகான தமிழ். 'தாலாட்டு' என்று தேடினால் ஒன்றுகூட அகப்படவில்லை. 'தமிழ்' என்ற சொல்லை நகலெடுத்து ஒட்டினேன்: ஜே, கே, பி, ஓ, கூடவே ஓர் அரைப்புள்ளி. பாமினி! ஆங்கில எழுத்துகளையே தமிழ் வடிவில் காட்டும் பழைய எழுத்துரு; யூனிகோடில்தான் தமிழ் எழுத்துக்கென்றே தனிக் குறியீடு உண்டு. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுவிட்டது. இந்த ஆய்வேடு அதற்கும் பல வருடம் பிந்தியது. மூன்றாம் இயலோ கோணலாக ஸ்கேன் செய்த வெறும் படம்.

அந்த நூலகத்துக்கு எழுதினேன். மாணவர் குறுந்தகட்டில் கொடுத்ததைத்தான் ஏற்றினோம் என்றார்கள். நியாயமான பதில்தான், ஆள்பற்றாக்குறையும் எனக்குப் புரிகிறது. ஆனால் வாங்கும்போதே ஒரு சொல்லைத் தேடிப் பார்த்து, வராவிட்டால் திருப்பிக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? தேட முடியாத ஆய்வேட்டைத் திறந்து வைத்து யாருக்கு என்ன பயன்? ஐந்து வருட உழைப்பு அங்கே கிடக்கிறது, யார் கண்ணிலும் படாமல்.

போன மாதம் கேட்டிருந்தால் தாராளமாக நம்பு என்றிருப்பேன். இன்றைக்குக் கேட்டால், நம்பாதே, ஏறி இறங்கு. நீ ஒப்படைக்கும்போது யூனிகோடில் தட்டச்சு செய்த கோப்பையே பிடிஎஃப் ஆக்கிக் கொடு, தலைப்பைத் தமிழிலும் பதியச் சொல்லி அங்கேயே நின்று பார்த்துவிட்டு வா.